லினக்ஸ் கணினியில் ஏதோ சரியில்லை: அறிகுறியிலிருந்து ஓட்டைக்குப் போகும் வழி

லினக்ஸ் கணினிகளில் நான் பார்த்த ஓட்டைகளில் பல, உரிமையாளரே திறந்துவிட்டவை. ஒரு பிழைச்செய்தி வந்து வேலையை மறிக்கிறது. அதை வாயடைக்க ஒரு பூட்டைக் கழற்றுகிறார். வேலை நடந்துவிடுகிறது, கழற்றிய பூட்டு மட்டும் கழற்றியபடியே கிடக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதோடு, எந்தக் குறுக்குவழியில் போகவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கை வைப்பதற்கு முன்

தொலைவிலுள்ள சர்வர் என்றால் இரண்டு டெர்மினல் திறந்து இரண்டிலும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மறையாக்கத்தோடு நுழையும் வழி) மூலம் உள்ளே போய்விடுங்கள். ஒன்றில் மாற்றம் செய்யுங்கள். மற்றது சும்மா திறந்திருக்கட்டும். எஸ்எஸ்ஹெச் சேவையை மறுதொடக்கம் செய்தாலும் ஏற்கெனவே இருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. அமைப்பில் பிழை விழுந்தால் அந்த இரண்டாவது டெர்மினல்தான் திரும்பி வரும் வழி. மாற்றத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்றைத் திறந்து புதிதாக நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையவற்றை மூட வேண்டும். வாடகை சர்வர் தருபவர்கள் உலாவியிலேயே ஒரு கன்சோல் கொடுத்திருப்பார்கள். அது திறக்கிறதா என்று பிரச்சினை இல்லாத நாளிலேயே பார்த்து வையுங்கள்.

லாக் (நடந்ததைப் பதியும் கோப்பு) இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் வார்/லாக் அடைவில் 'ஆத்.லாக்', ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் அதே அடைவில் 'செக்யூர்'. டெபியன் 12 முதல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, ஆகவே ஆத்.லாக் கோப்பே இல்லாமல் இருக்கலாம். யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளைக்கு மைனஸ் யூ போட்டு, டெபியனில் எஸ்எஸ்ஹெச் என்றும் ஃபெடோராவில் எஸ்எஸ்ஹெச்டி என்றும் கொடுத்தால் எல்லாம் வரும்.

அறிகுறி: லாக் முழுக்க "ஃபெயில்டு பாஸ்வேர்டு"

இணையத்தில் 22ஆம் போர்ட்டைத் திறந்து வைத்த எந்தக் கணினிக்கும் இது வரும். அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் என்று பெயர்களை மாற்றி மாற்றித் தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். உங்களைக் குறிவைத்து யாரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தோல்வி வரிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. "அக்செப்டட்" என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அதில் பயனர் பெயர், ஐபி முகவரி, நேரம், கடவுச்சொல்லில் நுழைந்தாரா சாவியில் நுழைந்தாரா என்பது எல்லாம் இருக்கும். சாவியில் நுழைந்திருந்தால் அந்தச் சாவியின் கைரேகையும் (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) அதே வரியில் பதிவாகியிருக்கும். அதை 'ஆத்தரைஸ்டு_கீஸ்' கோப்பில் உள்ள சாவிகளோடு ஒப்பிட்டால் யாருடைய சாவி என்று தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரியாத ஒரே ஒரு "அக்செப்டட்" வரி இருந்தாலும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, கீழே சிபியு பற்றிச் சொல்லும் பகுதிக்கு நேரே போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் தீர்வு எளிது: கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு சாவி மட்டும் என்று வையுங்கள். கேட்கப்படாத கடவுச்சொல்லை எவ்வளவு ஊகித்தாலும் பலனில்லை. ஃபெயில்2பேன் அதற்கு மேல் ஒரு துணை. இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறினால் 10 நிமிடத்துக்கு அந்த முகவரியைத் தடுக்கும். டெபியன் 12இல் அதை நிறுவியதும் கிளம்ப மறுத்தால், இல்லாத ஆத்.லாக்கை அது தேடுகிறது என்று பொருள், 'ஜெயில்.லோக்கல்' கோப்பில் பேக்எண்ட் என்பதற்கு எதிரே சிஸ்டம்டி என்று எழுதினால் ஓடத் தொடங்கும். போர்ட்டை 22இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றுவது லாக்கின் இரைச்சலைத்தான் குறைக்கும். அதைப் பாதுகாப்பு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: நிறுத்திய பிறகும் கடவுச்சொல் கேட்கிறது

'எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்' கோப்பில் "பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் நோ" என்று எழுதியாயிற்று, சேவையையும் மறுதொடக்கம் செய்தாயிற்று, இருந்தும் கேட்கிறது. காரணம், எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்க நிரல்) ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் கண்டால் முதலில் கண்டதைத்தான் எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே, 'எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி' அடைவில் உள்ள துண்டுக் கோப்புகளைச் சேர்க்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. கிளவுட் சர்வர்களில் அந்த அடைவுக்குள் '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' என்று ஒரு கோப்பு வந்து, கடவுச்சொல்லை அனுமதி என்று சொல்லிவிட்டிருக்கும். நீங்கள் கீழே எழுதிய "நோ" படிக்கப்பட்டும் பயனில்லாமல் போகிறது.

கோப்பை நம்பாதீர்கள், சேவையையே கேளுங்கள். ரூட் (முழு அதிகாரக் கணக்கு) உரிமையோடு எஸ்எஸ்ஹெச்டி கட்டளைக்குப் பெரிய எழுத்து டி (T) தெரிவைக் கொடுத்தால், இறுதியில் எந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது என்பதை வரிவரியாகக் காட்டும். சின்ன எழுத்து டி (t) கொடுத்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மறுதொடக்கத்துக்கு முன் இரண்டையும் ஓட்டிவிடுங்கள். உங்கள் அமைப்புகளை 00 என்று தொடங்கும் பெயரில் அதே துண்டு அடைவில் வைத்தால் அகரவரிசையில் முந்திக்கொள்ளும். "கேபிடிஇன்டராக்டிவ்ஆத்தென்டிகேஷன்" என்ற வரியையும் நோ ஆக்குங்கள். அது திறந்திருந்தால் பாம் (லினக்ஸில் நுழைபவரைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாகக் கடவுச்சொல் கேள்வி வேறு வேடத்தில் திரும்பி வரும்.

உபுண்டு 24.04இல் இன்னொன்று: போர்ட் எண்ணை மாற்றியும் 22இலேயே கேட்டுக்கொண்டிருந்தால், அங்கே போர்ட்டைப் பிடித்திருப்பது எஸ்எஸ்ஹெச்.சாக்கெட். 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுத்துவிட்டு அந்தச் சாக்கெட்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அறிகுறி: சாவி சரி, ஆனாலும் "பர்மிஷன் டினைட்"

கிளையன்ட் பக்கம், அதாவது நீங்கள் எங்கிருந்து நுழைகிறீர்களோ அந்தக் கணினியில், எஸ்எஸ்ஹெச் கட்டளைக்கு மைனஸோடு மூன்று வி (-vvv) போட்டு ஓட்டினால் எந்தச் சாவியை நீட்டினோம் என்று தெரியும். ஏன் மறுத்தார்கள் என்பது சர்வர் லாகில்தான் இருக்கும். "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று இருந்தால், உங்கள் ஹோம் அடைவோ, .எஸ்எஸ்ஹெச் அடைவோ, அதற்குள் இருக்கும் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்போ பிறர் எழுதும்படி திறந்திருக்கிறது. அடைவுக்கு 700, கோப்புக்கு 600 (இரண்டுமே உரிமையாளருக்கு மட்டும்). ஹோம் அடைவுக்குக் குழுவின் எழுதும் உரிமையை நீக்குங்கள். இந்த மறுப்பு நியாயமானது: பக்கத்துப் பயனர் அந்தக் கோப்பில் எழுத முடிந்தால் தன் சாவியைச் சேர்த்துவிட்டு நீங்களாகவே நுழைவார். "ஸ்ட்ரிக்ட்மோட்ஸ்" என்பதை நோ ஆக்கினாலும் செய்தி மறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பழைய கிளையன்ட்டிலிருந்து வரும்போது மட்டும் மறுக்கிறதா? ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8, 2021 செப்டம்பரில் வந்தது. அதிலிருந்து ஆர்எஸ்ஏ சாவியை எஸ்ஹெச்ஏ-1 கொண்டு கையொப்பமிடும் முறை இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. சாவியில் கோளாறு இல்லை. கையொப்ப முறைதான் பழையது. கிளையன்ட்டைப் புதுப்பியுங்கள், அல்லது ஈடி25519 வகையில் புதுச் சாவி உண்டாக்குங்கள். சர்வரில் பழைய முறையைத் திறந்துவிடுவது, ஒரு கணினியின் சோம்பலுக்காக மற்ற எல்லோரையும் கீழே இறக்குவது.

ஃபெடோரா குடும்பத்தில் உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் .எஸ்எஸ்ஹெச் அடைவின் மேல் 'ரீஸ்டோர்கான்' ஓட்டிப் பாருங்கள். ஏன் என்பது கீழே 777 பற்றிய எஸ்இலினக்ஸ் பகுதியில் வருகிறது.

அறிகுறி: கைபேசி காட்டும் ஆறு இலக்க எண்ணை ஏற்க மறுக்கிறது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது. 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் "சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு" என்பதற்கு நேரே நோ என்று வந்தால் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியை ஓடவிடுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும்.

அறிகுறி: "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு"

பெரிய எழுத்தில், @ குறிகளால் கட்டம் கட்டி வரும் இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் 'நோன்_ஹோஸ்ட்ஸ்' கோப்பிலிருந்து பழைய வரியை நீக்கிவிட்டு மறுபடி நுழைவதுதான் பலர் பழக்கம். ஒரு நிமிடம் நில்லுங்கள். சர்வரை மறுநிறுவல் செய்தீர்களா? அதே ஐபி வேறு கணினிக்குப் போய்விட்டதா? ஆம் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. இல்லையென்றால் நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு, அந்த வலையமைப்பிலிருந்து எதையும் தட்டாதீர்கள்.

காரணம் தெரிந்தாலும் சரிபார்க்கும் முறை ஒன்றுதான். கன்சோல் வழியே சர்வருக்குள் போங்கள். ஈடிசி/எஸ்எஸ்ஹெச் அடைவில் உள்ள ஈடி25519 ஹோஸ்ட் பொதுச்சாவிக் கோப்பின் மேல் 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' கட்டளையை எல், எஃப் தெரிவுகளோடு ஓட்டினால் கைரேகை வரும். எச்சரிக்கையில் காட்டிய கைரேகையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், உங்கள் கணினியில் அதே கட்டளையைப் பெரிய எழுத்து ஆர் தெரிவோடு கொடுத்துப் பழைய பதிவை நீக்கலாம். "ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் நோ" என்ற வரியை அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைத்திருப்பவர்கள் இன்றே அதை எடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்ஹெச் தரும் பாதுகாப்பில் பாதி, எதிரே இருப்பது யார் என்று சரிபார்ப்பதில்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே மெய்நிகர் கணினியைப் படியெடுத்து உண்டாக்கிய பல சர்வர்களுக்கு ஒரே ஹோஸ்ட் சாவி இருக்கும், எச்சரிக்கையே வராது. படியெடுத்தவுடன் பழைய ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிட்டு, எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையைப் பெரிய எழுத்து ஏ தெரிவோடு ஓட்டிப் புதியன உண்டாக்குங்கள்.

அறிகுறி: நுழைய முடிகிறது, ஆனால் முன்னைவிட மெதுவாக

இதை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று சொல்ல ஒரு வலுவான காரணம் இருக்கிறது. எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் வைக்கப்பட்டு, 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த பின்கதவு பிடிபட்டதே இந்த அறிகுறியால்தான். போஸ்ட்கிரஸ்கியூஎல் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதையும் சிபியு வீணாவதையும் கவனித்துத் தோண்டினார். எக்ஸ்இஸட் பதிப்பு 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு இருந்தது. அதன் லைப்ரரியான லிப்எல்இஸட்எம்ஏ வழியாக எஸ்எஸ்ஹெச்டிக்குள் அது நுழையும்படி வைத்திருந்தார்கள். டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்துவிட்டது, நிலையான வெளியீட்டைத் தொடவில்லை.

வழக்கமான காரணங்கள் சாதாரணமானவைதான். மூன்று வி போட்டு ஓட்டி எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். ஜிஎஸ்எஸ்ஏபிஐ (பெரும்பாலும் நிறுவன வலையமைப்புகளில் பயன்படும் நுழைவு முறை) வரியில் நின்றால் அதை அணைக்கலாம். கைரேகை எல்லாம் முடிந்து ஷெல் வருவதற்கு முன் நின்றால் சர்வரின் டிஎன்எஸ் அல்லது பாம் அமைப்பைப் பாருங்கள். எதிலும் சிக்காமல், அண்மையில் புதுப்பித்ததிலிருந்து மட்டும் தாமதம் என்றால், என்னென்ன பேக்கேஜ் மாறியது என்று வார்/லாக் அடைவில் உள்ள டிபிகேஜி லாகையோ டிஎன்எஃப் வரலாற்றையோ புரட்டுங்கள்.

அறிகுறி: ஃபயர்வால் போட்டதும் வெளியே தள்ளப்பட்டேன்

உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்குவதற்கு முன் ஓபன்எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்கவில்லை. கன்சோல் வழியே போய் அனுமதியைச் சேருங்கள், அவ்வளவுதான். என்எஃப்டி ஃபயர்வால் விதிகளை நேரடியாகக் கையால் எழுதுபவர்கள், ஐந்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளைத் திரும்ப ஏற்றும்படி 'அட்' கட்டளையில் ஒரு வேலையை முன்கூட்டியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் சரி என்றால் அந்த வேலையை நீக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: ஃபயர்வால் மூடியிருக்கிறது என்கிறது, போர்ட் திறந்திருக்கிறது

இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் பார்க்கிறவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும். யுஎஃப்டபிள்யூ நிலையைக் கேட்டால் எஸ்எஸ்ஹெச் மட்டும் திறந்திருக்கிறது என்று சொல்லும். வெளியிலிருந்து, போர்ட்களைத் தட்டிப் பார்க்கும் 'என்மேப்' ஓட்டினால் 6379இல் ரெடிஸ் தரவுத்தளம் பதில் சொல்லும்.

டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போர்ட்டை எப்படி வெளியே விடுகிறது என்று தெரிந்தால் இது புரியும். யுஎஃப்டபிள்யூ எழுதும் உள்வரவு விதிகள் இன்புட் சங்கிலியில் இருக்கின்றன. அது இந்தக் கணினிக்கே வரும் பொட்டலங்களுக்கு. டாக்கரோ பொட்டலம் வந்ததும் நாட் (முகவரி மாற்றும்) அட்டவணையில் அதன் சேருமிடத்தைக் கன்டெய்னரின் முகவரிக்கு மாற்றிவிடுகிறது. அதன்பின் அந்தப் பொட்டலம் இந்தக் கணினிக்கானது அல்ல, கடந்துபோவது. ஃபார்வர்டு சங்கிலி வழியே போகிறது, இன்புட் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. யுஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை; அதன் கண்ணில் படாத பாதையில் வண்டி ஓடுகிறது.

சரிசெய்வது இப்படி. டாக்கர் கம்போஸ் கோப்பில் போர்ட் வரியை "6379:6379" என்று எழுதினால் எல்லா முகவரியிலும் திறக்கும். "127.0.0.1:6379:6379" என்று எழுதினால் அந்தக் கணினிக்குள் மட்டும். டாக்கர் 28க்கு முந்தைய பதிப்புகளில் இப்படி எழுதியும் அதே உள் வலையமைப்பில் இருக்கும் பக்கத்துக் கணினியால் தொட முடிந்தது, ஆகவே பதிப்பையும் பாருங்கள். இன்னும் நல்லது, போர்ட் வரியையே நீக்கிவிடுவது. ஒரே டாக்கர் வலையமைப்பில் இருக்கும் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும். தரவுத்தளத்தை வெளியே விட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. வெளியே விட்டே ஆக வேண்டும், ஆனால் குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் என்றால் அந்த விதி 'டாக்கர்-யூசர்' என்ற சங்கிலியில் போக வேண்டும். ஃபெயில்2பேனும் அப்படித்தான்: கன்டெய்னருக்குள் இருக்கும் சேவையைக் காக்க அது தடைகளை இன்புட்டில் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு பயனும் இல்லை.

டாக்கர் இல்லாமலே இது நடந்தால் ஐபிவி6ஐச் சந்தேகியுங்கள். 'ஐபிடேபிள்ஸ்' விதிகள் ஐபிவி4க்கு மட்டும். ஐபிவி6க்கு 'ஐபி6டேபிள்ஸ்' தனி. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு இரண்டும் காக்கப்படுகிறது என்று இருந்துவிடுகிறார்கள். என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் வகை அட்டவணை இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும். புதிதாக எழுதுகிறவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

என்ன திறந்திருக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்க்க 'எஸ்எஸ்' கட்டளைக்கு டி, யூ, எல், பி, என் (-tulpn) தெரிவுகளைக் கொடுங்கள். முகவரிப் பத்தியில் 127.0.0.1 என்றால் உள்ளுக்குள் மட்டும். 0.0.0.0 என்றாலும் சதுர அடைப்புக்குள் இரட்டை முக்காற்புள்ளி என்றாலும் உலகத்துக்கே. 3306 மைஎஸ்கியூஎல், 5432 போஸ்ட்கிரஸ், 27017 மாங்கோ, 9200 எலாஸ்டிக்சர்ச், 2375 டாக்கரின் மறையாக்கமில்லாத ஏபிஐ. கடைசியாகச் சொன்னது வெளியே தெரிந்தால் ரூட் உரிமையைத் தெருவில் வைத்ததற்குச் சமம்.

யூடிபி வரிகளையும் விடாதீர்கள். வெளியே போகும் ட்ராஃபிக் காரணமில்லாமல் ஏறியிருந்தால் 53இல் திறந்த டிஎன்எஸ்ஸோ 11211இல் மெம்கேஷ்டோ இருக்கிறதா என்று பாருங்கள். 2018 பிப்ரவரியில் கிட்ஹப் மீது 1.35 டெராபிட் வேகத்தில் நடந்த தாக்குதல், யாரோ திறந்து வைத்திருந்த மெம்கேஷ்டு சர்வர்களைக் கொண்டுதான் பெருக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் ஒருவர், ஓட்டை வேறு யாருடைய கணினியிலோ.

அறிகுறி: உரிமை எல்லாம் சரி, 777 கொடுத்தும் மறுக்கிறது

777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுத்தும் மறுத்தால் பிரச்சினை அங்கே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கொடுத்ததை உடனே திரும்ப எடுங்கள். 'கெட்என்ஃபோர்ஸ்' கட்டளை "என்ஃபோர்சிங்" என்றால், கோப்பு உரிமைகளுக்கு மேல் நிற்கும் இன்னொரு காவலான எஸ்இலினக்ஸ் பேசுகிறது. 'ஏயூசர்ச்' கட்டளையில் ஏவிசி வகைச் செய்திகளை அண்மை நேரத்துக்குக் கேளுங்கள். எந்த நிரல், எந்தக் கோப்பை, எந்த முத்திரையோடு (எஸ்இலினக்ஸ் ஒட்டும் லேபிள்) தொட முயன்றது என்று வரும்.

மிக அதிகமாக நடப்பது இது. இணையப்பக்கக் கோப்புகளை ஹோம் அடைவில் தயாரித்து, 'எம்வி' கட்டளையால் வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ அடைவுக்கு நகர்த்துவார்கள். நகர்த்தும்போது கோப்பு தன் பழைய முத்திரையைக் கூடவே கொண்டுவருகிறது. 'சிபி' போட்டிருந்தால் புதிய இடத்தின் முத்திரை கிடைத்திருக்கும். அப்பாச்சியின் கண்ணில் அது இன்னும் யாரோ ஒரு பயனரின் சொந்தக் கோப்பு. ரீஸ்டோர்கான் ஓட்டினால் முத்திரை சரியாகிவிடும். வழக்கமில்லாத அடைவு என்றால் முதலில் 'செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கொண்டு விதியை எழுதிவிட்டு ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள். வெப் சர்வர் வேறொரு சேவையோடு பேச முடியவில்லை என்றால் 'எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்' என்ற பூலியனை (ஆம்/இல்லை அமைப்பு) இயக்க வேண்டியிருக்கும்.

'செட்என்ஃபோர்ஸ் 0' என்று அறிவுரை சொல்கிறவர்கள் கணினி முழுவதன் காவலையும் ஒரு கோப்புக்காக இறக்கச் சொல்கிறார்கள். ஆராய்வதற்காகத் தளர்த்தியே ஆக வேண்டுமானால் செமனேஜ் கொண்டு அந்த ஒரு சேவையின் களத்தை மட்டும் பர்மிஸிவ் ஆக்கலாம். மற்றவை காவலிலேயே இருக்கும். உபுண்டுவில் இதே இடத்தில் ஆப்ஆர்மர் இருக்கிறது. 'ஏஏ-ஸ்டேட்டஸ்' பாருங்கள், தேவையானால் ஒரு ப்ரொஃபைலை மட்டும் கம்ப்ளெய்ன் நிலைக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஆப்ட் (டெபியன் குடும்பத்தின் மென்பொருள் நிறுவி) "நோ_பப்கீ" என்கிறது, அல்லது கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது

"ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்" என்றால் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. காலாவதியானது என்றால் மிரர் (களஞ்சியத்தின் நகல் சர்வர்) புதுப்பிக்கப்படாமல் நிற்கிறது, வேறு மிரருக்கு மாறுங்கள். சாவி இல்லை என்றால் அந்தக் களஞ்சியத்தின் சாவியை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுத்து ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவில் வைத்து, அந்தக் களஞ்சியத்தின் வரியில் மட்டும் "சைன்டு-பை" என்று குறிப்பிடுங்கள். பழைய 'ஆப்ட்-கீ' முறை கைவிடப்பட்டதற்குக் காரணம், அதில் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லும் என்பதுதான். ஏதோ ஒரு சின்ன மென்பொருளுக்காகச் சேர்த்த சாவியால் கர்னலுக்கே கையொப்பமிட முடியும் நிலை. கையொப்பத்தைப் பாராமல் நிறுவச் சொல்லும் தெரிவை எந்த அவசரத்திலும் தொடாதீர்கள்.

அறிகுறி: புதுப்பித்துவிட்டேன், ஸ்கேனர் இன்னும் ஓட்டை என்கிறது

இரண்டு விதமாக இருக்கலாம், இரண்டும் நேர்எதிர்.

ஒன்று, ஸ்கேனர் (ஓட்டை தேடும் நிரல்) தவறு. டெபியன் போன்ற நிலையான வெளியீடுகள் பதிப்பு எண்ணை உயர்த்தாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவரும். 2024 ஜூலையில் வெளியான ஓபன்எஸ்எஸ்ஹெச் ஓட்டையான சிவிஇ-2024-6387க்கு (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) மூலத் திருத்தம் 9.8இல் வந்தது. டெபியன் 12இல் அதே திருத்தம் 9.2பி1-2+டெப்12யூ3 என்ற பேக்கேஜில் வந்தது. 9.2 என்று பார்த்ததும் ஸ்கேனர் கூச்சலிடும். 'ஆப்ட் சேஞ்ச்லாக்' ஓட்டி சிவிஇ எண்ணைத் தேடுங்கள். இருந்தால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.

மற்றொன்று, ஸ்கேனர் சரி. வட்டில் உள்ள லைப்ரரி புதிது, நினைவகத்தில் ஓடுவது பழையது. சேவையை மறுதொடக்கம் செய்யும் வரை பழைய ஓட்டை உயிரோடு இருக்கும். 'நீட்ரீஸ்டார்ட்' எந்தச் சேவைகள் என்று சொல்லும். கர்னலுக்கு 'யூநேம்' காட்டும் பதிப்பையும் நிறுவிய பதிப்பையும் ஒப்பிடுங்கள். மாதக்கணக்கில் மறுதொடக்கம் இல்லாமல் ஓடும் சர்வரைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அறிகுறி: சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது, காரணம் தெரியவில்லை

பெரும்பாலும் யாரோ உங்கள் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள். 'டாப்' கட்டளையில் எக்ஸ்எம்ரிக், கின்சிங், கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ போன்ற பெயர் தெரிந்தால் ஐயமே இல்லை. கடைசிப் பெயரைக் கவனியுங்கள்: கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற உண்மையான கர்னல் இழையின் பெயரோடு ஓர் எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள், கண் தவறட்டும் என்று. சில நிரல்கள் சதுர அடைப்புக்குள் கேவொர்க்கர் என்றே பெயர் வைத்துக்கொள்ளும். வேடத்தைக் கலைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. உண்மையான கர்னல் இழைக்குத் தாய் ப்ராசஸ் எண் 2. ப்ராக் அடைவில் அதன் எண்ணுக்குள் இருக்கும் 'எக்ஸி' இணைப்பு எங்கும் சுட்டாது. உங்கள் கேவொர்க்கரின் இணைப்பு டிஎம்பி அடைவையோ டெவ்/எஸ்எச்எம்மையோ சுட்டி, பக்கத்தில் "டிலீட்டட்" என்றும் இருந்தால் அது கர்னல் இல்லை.

பார்த்ததும் கொன்றுவிடாதீர்கள். கொன்றால் காவல் நிரலொன்று சில விநாடியில் புதிதாக எழுப்பும், தடயமும் போகும். 'கில்' கட்டளையில் ஸ்டாப் சைகை கொடுத்து உறையவையுங்கள். சிபியு இறங்கும், ப்ராசஸ் அப்படியே நிற்கும். பிறகு அந்த எக்ஸி இணைப்பிலிருந்து நிரலை வேறிடத்துக்குப் படியெடுக்கலாம். வட்டில் அழிக்கப்பட்டிருந்தாலும் ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை இது முடியும். அதே இடத்தில் 'என்விரான்', 'சிடபிள்யூடி' இரண்டையும் பாருங்கள். எந்தப் பயனர், எந்த அடைவு என்று தெரிந்தால் எந்தச் சேவை வழியாக வந்தது என்பதும் பாதி தெரிந்துவிடும். ரெடிஸ் பயனரின் பெயரில் ஓடினால் ரெடிஸ்தான் கதவு.

அடுத்து அது எங்கே வேர்விட்டிருக்கிறது என்று தேடுங்கள். எல்லாப் பயனரின் கிரான்டேப், ஈடிசி/கிரான்.டி, சிஸ்டம்டி யூனிட்களும் டைமர்களும், .பேஷ்ஆர்சி, ஆத்தரைஸ்டு_கீஸ், ஈடிசி/பாஸ்டபிள்யூடி கோப்பில் ரூட் தவிர யூஐடி 0 கொண்ட வேறு பெயர். 'எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட்' என்ற கோப்பு ஈடிசி அடைவில் இருக்கிறதா என்பது தனியாகப் பார்க்க வேண்டியது. சாதாரணக் கணினியில் அது இருக்காது. அது இருந்தால் டாப், பிஎஸ், எல்எஸ் எல்லாமே அது காட்ட விரும்புவதை மட்டும் காட்டும். சுமை உச்சத்தில் நிற்க டாப்பில் ஒன்றுமே தெரியாத நிலைக்கு இது ஒரு முக்கியக் காரணம். எதையும் சாராமல் தொகுக்கப்பட்ட பிஸிபாக்ஸ் நிரலைக் கொண்டுவந்து அதன் பிஎஸ்ஸை ஓட்டினால் மறைந்திருப்பது வெளியே வரும்.

'டிபிகேஜி' கட்டளையின் வெரிஃபை, 'ஆர்பிஎம்' கட்டளையின் விஏ இரண்டும் மாறிப்போன கோப்புகளைக் காட்டும். வரியின் தொடக்கத்தில் உள்ள குறிகளுக்குள் 5 என்ற எண் இருந்தால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. நடுவே சி என்று இருப்பவை அமைப்புக் கோப்புகள், நீங்களே மாற்றியிருக்கலாம். சி இல்லாமல் ஒரு நிரல் அங்கே தெரிந்தால் அது கெட்ட செய்தி. ஆனால் பட்டியல் சுத்தமாக வந்தால் கணினி சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது, ரூட் கிடைத்தவர் அந்தத் தரவுத்தளத்தையும் மாற்றலாம். திடமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு ஊடகத்திலிருந்து கணினியைக் கிளப்பி, வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றிப் பாருங்கள்.

ரூட் உரிமை போயிருக்கலாம் என்ற ஐயம் வந்துவிட்டால் சுத்தம் செய்ய உட்காராதீர்கள், மறுநிறுவல் செய்யுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வலையமைப்பிலிருந்து துண்டியுங்கள், முடிந்தால் வட்டின் முழுப் படியை எடுத்து வையுங்கள், புதிய கணினியில் புதிதாகத் தொடங்குங்கள். பழையதிலிருந்து தரவை மட்டும் கொண்டுவாருங்கள். நிரல், கிரான், ஆத்தரைஸ்டு_கீஸ் எதையும் கொண்டுவராதீர்கள். தரவையும் ஊடுருவலுக்கு முந்தைய காப்புப்படியிலிருந்து எடுக்க முடிந்தால் மேல்.

அந்தக் கணினியில் இருந்த எல்லா ரகசியமும் போய்விட்டது என்றே கொள்ளுங்கள். .என்வ் கோப்பில் இருந்த தரவுத்தளக் கடவுச்சொல், கிளவுட் சாவி, கிட் டோக்கன், அங்கிருந்து பிற சர்வர்களுக்குப் போகும் எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாவற்றையும் ரத்துசெய்து புதியன உண்டாக்க வேண்டும். நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பையும் ஷெல் வரலாற்றையும் படித்தால் அங்கிருந்து எந்தெந்தக் கணினிக்குப் போகலாம் என்று தாக்குபவருக்குத் தெரியும். நீங்களும் அதே பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கணினியிலும் "அக்செப்டட்" வரிகளைப் பாருங்கள்.

புதிய சர்வரை வெளியே விடுவதற்கு முன் உள்ளே எஸ்எஸ் காட்டும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு வலையமைப்பிலிருந்து, ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும், எல்லா 65535 போர்ட்டுக்கும் என்மேப் ஓட்டுங்கள். உள்ளே உலகத்துக்கென்று திறந்தவை, வெளியே தெரிபவை, நீங்கள் திறக்க நினைத்தவை மூன்றையும் ஒப்பிடுங்கள். நினைக்காத ஒரு போர்ட் தெரிந்தால் அது எந்தச் சேவை என்று கண்டு மூடுங்கள். மூன்றும் பொருந்திய பிறகு டிஎன்எஸ் பதிவைப் புதிய முகவரிக்கு மாற்றலாம்.